லர்க்கர் இருக்கும் இடம்: ப்ரூட் வாரை ரசிப்பது எப்படி?

1998-இன் கடைசியில் வந்த ஒரு கணினி விளையாட்டுத் தொகுப்பை இன்றும் தென்கொரியாவில் தொழில்முறையாக ஆடுகிறார்கள், வர்ணனையோடு ஒளிபரப்புகிறார்கள், பல்லாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டின் விரிவாக்கமான ‘ப்ரூட் வார்’ பற்றித்தான் சொல்கிறேன். இவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் ஓர் ஆட்டத்தை, விளையாட்டுகளில் ஆர்வமுள்ள இளைஞர்கள்கூடப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அறிமுகம் செய்தவர்கள்தான் குற்றவாளிகள். விமர்சகர்கள் ‘ஏழு புதிய யூனிட்டுகள், 26 புதிய மிஷன்கள்’ என்று மளிகைப் பட்டியல் போட்டார்கள். ரசிகர்களோ ‘நிமிடத்துக்கு முந்நூறு தடவை விசையைத் தட்டுகிறார்கள்’ என்று விரல் வேகத்தைப் பாடினார்கள். முதல் கூட்டம் இந்த ஆட்டத்தைப் பழைய சரக்காக்கியது, இரண்டாவது கூட்டம் வித்தைக் காட்சியாக்கியது. இரண்டுமே ஆளை விரட்டும் வேலை. ப்ரூட் வாரின் ரசனை வேறோர் இடத்தில் இருக்கிறது, அங்கே போக விரல் வேகமும் தேவையில்லை, யூனிட் பட்டியலும் தேவையில்லை.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று இனங்கள்: மனிதர்களான டெர்ரன், பூச்சி போலப் பெருகும் ஸெர்க், தொழில்நுட்பத்தில் முதிர்ந்த புரோட்டாஸ். இருவர் ஒரே மேப்பில் வேறு வேறு மூலைகளில், நான்கு தொழிலாளர்களோடு தொடங்குவார்கள். தொழிலாளர்கள் மினரலும் கேஸும் வெட்டி எடுத்து வருவார்கள். அந்தச் செல்வத்தில் கட்டடமும் படையும் எழும். ஒருவரின் படைக்கு 200 என்று உச்சவரம்பு உண்டு. தன் ஆட்களின் கண் எட்டாத இடம் இருட்டாக இருக்கும். மினரல் வற்றும் என்பதால் புதிய இடங்களில் கிளைத்தளம் அமைத்தாக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இயங்குகிறார்கள், முறை மாற்றி ஆடுவது கிடையாது. எதிராளியால் இனி மீள முடியாது என்ற நிலை வந்ததும் அவர் தானாகவே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவார். இவ்வளவு போதும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் போர் விளையாட்டிலும் ஒரு யூனிட் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு. ஒன்று, எதிரியைக் கொல்வது. இன்னொன்று, எதிரியை ஓரிடத்துக்கு வரவிடாமல் செய்வது. புதிதாகப் பார்ப்பவர்களின் கண் இயல்பாகவே முதல் வேலையின் மேல்தான் விழும், ஏனென்றால் அதில் வெடிப்பும் ரத்தமும் இருக்கிறது. இரண்டாவது வேலை நடக்கும்போது திரையில் ஒன்றுமே நடக்காது. ஒரு படை மேட்டின் அடியில் நிற்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும், மறுபடி நிற்கும். அந்த நேரத்தில்தான் புதியவர் சலித்துப்போய் எழுந்துவிடுகிறார். ஆனால் ஆட்டத்தின் முடிவு பெரும்பாலும் அந்தத் தயக்கத்தில்தான் தீர்மானமாகிறது. நம் ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் ஒரு புலியையும் வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் அடைத்தே ஜெயிக்கின்றன. ப்ரூட் வாரைப் பார்க்க உட்காருபவர் அந்த ஆட்டின் கண்ணோடு உட்கார வேண்டும். கொல்லும் வேலை, தடுக்கும் வேலை என்ற இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இந்த ஆட்டத்தில் மீதி எல்லாமே தானாக இடத்தில் வந்து அமரும்.

சான்றுக்கு ஸெர்க் இனத்தின் லர்க்கரைப் பாருங்கள். இந்த விரிவாக்கம் தந்த மிகப் பெரிய கொடை அதுதான். ஹைட்ராலிஸ்க் என்ற யூனிட்டை உருமாற்றி அதை உண்டாக்க வேண்டும். தரைக்கு மேலே நடக்கும்போது அதனால் யாரையும் தாக்க முடியாது. மண்ணுக்குள் புதைந்த பிறகுதான் ஆயுதம் வேலை செய்யும். புதைந்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதன் முட்கள் ஒரே நேர்கோட்டில் தரையைப் பிளந்துகொண்டு ஓடும், அந்தக் கோட்டில் நிற்கும் எல்லோருக்கும் அடி விழும். எதிரே டெர்ரனின் மரீன் வீரர்கள். ஒரு மரீனின் உயிர்ப்புள்ளி 40, லர்க்கரின் ஓர் அடி 20. இரண்டு அடியில் ஆள் காலி. கவசத்தை ஒரு படி உயர்த்தினால் அடி 19 ஆகும், மூன்றாவது அடி தேவைப்படும். ஆனால் மரீன்கள் வேகத்துக்காக ஸ்டிம் ஊசி போட்டுக்கொண்டால் 10 புள்ளி உயிர் போய்விடும். அப்போது மறுபடி இரண்டே அடி. அந்த 10 புள்ளியைத் திருப்பித் தர மெடிக் வேண்டும். மெடிக்கும் இதே விரிவாக்கத்தில் வந்ததுதான். ஆக, ஒரே தொகுப்பு டெர்ரன் காலாட்படைக்குக் கோட்டையை விட்டு வெளியே வரும் தைரியத்தையும் கொடுத்தது, அந்தத் தைரியத்துக்கு எதிரே மண்ணுக்குள் ஒரு பூட்டையும் வைத்தது. இந்த ஒரு ஜோடியைச் சுற்றியே டெர்ரன்–ஸெர்க் ஆட்டம் முழுவதும் சுழல்கிறது.

இப்போது இந்த லர்க்கர் எத்தனை மரீன்களைக் கொன்றது என்று எண்ணாதீர்கள். ஒரு மேட்டுப்பாதையின் உச்சியில் இரண்டு லர்க்கர்கள் புதைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டெர்ரன் ஆட்டக்காரரிடம் அவற்றைவிட விலை மதிப்பான படை கீழே நிற்கிறது. அவர் ஏறினால் ஜெயிக்கலாம். ஏற முதலில் மறைந்திருப்பதைக் காட்டும் ஸ்கேன் வேண்டும், ஒரு ஸ்கேனுக்கு 50 ஆற்றல்புள்ளி போகும். தாழ்ந்த இடத்திலிருந்து மேட்டை நோக்கிச் சுடும் குண்டுகளில் கிட்டத்தட்டப் பாதிதான் படும், அது இந்த விளையாட்டின் விதி. படையை நேர்கோட்டில் நிற்காமல் பிரித்து ஏற்ற வேண்டும். அதைச் செய்யும்போது ஊரில் உற்பத்தியைக் கவனிக்க முடியாது. இத்தனையும் யோசித்து அவர் நின்றுவிடுகிறார். நின்ற அந்த நேரத்தில் மேப்பின் மறு கோடியில் ஸெர்க் மூன்றாவது தளத்தின் கேஸை எடுக்கத் தொடங்கிவிட்டது. லர்க்கர் ஒரு மரீனைக்கூடக் கொல்லவில்லை, ஆட்டத்தின் திசையை மாற்றிவிட்டது. இதை எந்தப் புள்ளிவிவரத் திரையும் காட்டாது. ஆட்டம் முடிந்ததும் ‘கொன்றவை, இழந்தவை’ என்று அட்டவணை போட்டுக் காட்டும் வழக்கம் இருக்கிறதே, அதைவிட ஆழமில்லாத ஓர் அளவுகோலை இந்த ஆட்டத்துக்குக் கண்டுபிடிக்க முடியாது.

கைதேர்ந்த ஸெர்க் ஆட்டக்காரர்கள் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள். ‘ஸ்டாப் லர்க்கர்’ என்று ரசிகர்கள் சொல்லும் உத்தி அது. புதைந்த லர்க்கர் எதிரியைக் கண்டதும் தானாகத் தாக்கும். அப்படித் தாக்காமல் அடக்கி வைத்து, மரீன் கூட்டம் முழுவதும் அதன் மேல் நடந்து வரும்வரை காத்திருந்து, பிறகு விடுவார்கள். விழும் பிணங்களைப் பார்த்து எல்லோரும் கூச்சலிடுவார்கள். அந்தக் கூச்சலில் சேராமல் அதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தைப் பாருங்கள் என்பேன். அதே டெர்ரன் படை ஒவ்வொரு வெற்றிடத்திலும் தயங்கித் தயங்கி நடக்கும். ஸ்கேனைச் சேமித்து வைத்துக்கொண்டு, மறைந்திருப்பதைக் காணும் சயன்ஸ் வெஸல் விமானம் வந்து வழி காட்டும்வரை பாதி மேப்பைக் கைவிடும். ஒன்றுமே புதைந்திராத நிலத்தைக்கூட லர்க்கர் காக்கிறது. இல்லாத யூனிட் தடுக்கும் வேலையைச் செய்கிறது என்றால், கொல்வதும் தடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

விரிவாக்கத்தின் மற்ற யூனிட்டுகளையும் இந்த வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். புரோட்டாஸின் கோர்சேர் விமானத்துக்கு ஒரு வலை உண்டு, அது விழுந்த இடத்தில் தரைப்படை சுட முடியாது. டார்க் ஆர்கான் உயிருள்ள படைகளை அசையாமல் உறையவைக்கும். ஸெர்க்கின் டெவவரர் துப்பும் அமிலம் எதிரி விமானம் சுடும் வேகத்தைக் குறைக்கும். மெடிக்கே எதிராளி யூனிட்டின் பார்வையைப் பறிக்கும். புதிதாக வந்த ஏழில் பெரும்பாலானவை ஏதோ ஒன்றைத் தடுக்கின்றன: நடையை, சூட்டை, பார்வையை. சுத்தமாகக் கொல்வதற்கென்றே வந்தது டெர்ரனின் வால்கிரி. அதன் கதியும் கவனிக்கத்தக்கது. திரையில் உருவங்கள் அளவுக்கு மிஞ்சினால் மூல விளையாட்டின் நிரல் அதன் ஏவுகணைகளை வெளியே வரவே விடாது. பெரிய சண்டையில் வால்கிரி சும்மா பறந்துகொண்டிருக்கும். கொல்லப் பிறந்த ஒரே யூனிட் கூட்டத்தில் கையாலாகாமல் நின்றது, தடுக்கப் பிறந்தவை இருபது ஆண்டுக்கு மேல் ஆட்டத்தை ஆண்டன.

ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. விரிவாக்கம் வருவதற்கு முன்பே தடுக்கும் படை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. டெர்ரனின் ஸீஜ் டாங்க் தரையில் ஊன்றி நின்றால் 12 அளவு தூரத்துக்குச் சுடும், ஒரு குண்டுக்கு 70 சேதம். அதன் சொந்தக் கண் 10 வரைதான் எட்டும் என்பதால் முன்னே யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். வல்ச்சர் வண்டி ஒவ்வொன்றும் மூன்று கண்ணிவெடிகளைச் சுமக்கும். ஆக, நிலத்தைப் பூட்டும் கலை டெர்ரனிடம் முதலிலிருந்தே இருந்தது. மற்ற இரண்டு இனங்களுக்கும் அது கைக்கு எட்டும் நேரத்தில் இல்லை என்பதுதான் குறை. அவற்றிடம் இருந்தவை ஆற்றல்புள்ளி செலவழித்துச் சில நொடிகளுக்குப் போடும் மந்திரங்கள், அல்லது கட்டிய இடத்தை விட்டு நகராத பாதுகாப்புக் கட்டடங்கள். லர்க்கர் அப்படியல்ல. ஆற்றல் தேவையில்லை, கால எல்லை கிடையாது, கிளம்பிப் போய் அடுத்த வாசலிலும் புதையலாம். மந்திரம் போட்டுத் தடுப்பதும் சும்மா இருந்தே தடுப்பதும் வேறு வேறு. விரிவாக்கம் இந்த இரண்டாவது வகையை மற்ற இரண்டு இனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. ஸெர்க்குக்கு லர்க்கர். புரோட்டாஸுக்கு, எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும், ஒரு வெட்டுக்கு 40 சேதம் செய்யும் டார்க் டெம்ப்ளர். தனியாள் ஆட்டக் கதையில் மட்டும் தலைகாட்டியிருந்த அது, இருவர் மோதும் ஆட்டத்துக்கு வந்தது இந்தத் தொகுப்பில்தான்.

இந்த விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் யூனிட்டுகளின் பலத்தில் கடைசியாகப் பெரிய திருத்தம் செய்தது 2001-இல். அதற்குப் பிறகு எண்கள் அப்படியே உறைந்துவிட்டன. எண்கள் மாறாத ஓர் ஆட்டம் சில வருடத்தில் தீர்ந்து போகும் என்பதுதான் பொது நம்பிக்கை, மாதத்துக்கு ஒரு திருத்தம் வராவிட்டால் ஆட்டம் செத்துவிட்டது என்று அறிவிக்கும் இன்றைய நாகரிகமும் அதிலிருந்து பிறந்ததுதான். 2007 மார்ச் 3-ஆம் தேதி சியோலில் நடந்த எம்எஸ்எல் தொழில்முறைத் தொடரின் இறுதிப் போட்டி அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. அன்று மா ஜே-யூன் ஸெர்க் ஆட்டத்தின் உச்சியில் இருந்தவர், புரோட்டாஸை அவர் தின்றுகொண்டிருந்த காலம். எதிரே பதின்ம வயது கிம் டேக்-யோங். 3–0 என்று கிம் ஜெயித்தார். அவர் பாணியின் ஆயுதங்கள் கோர்சேரும் டார்க் டெம்ப்ளரும், எட்டு ஆண்டுகளாக எல்லோர் கையிலும் இருந்த யூனிட்டுகள். ஸெர்க்கின் ஓவர்லார்ட் என்ற பறக்கும் பிராணிதான் அந்த இனத்துக்குப் படைவரம்பைக் கூட்டுவதும், மறைந்திருப்பதைக் காண்பதும். கோர்சேர் ஓவர்லார்டுகளை வேட்டையாடினால் ஒரே வீச்சில் ஸெர்க்குக்கு உற்பத்தியும் அடைபடும், கண்ணும் போகும். கண் போன இடத்தில் ஒற்றை டார்க் டெம்ப்ளர் நின்றால் புதிய தளம் எழாது. அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது எத்தனை ஓவர்லார்ட் செத்தது என்று பார்க்க வேண்டாம். சாகாத ஓவர்லார்டுகள் எங்கெல்லாம் போகத் துணியவில்லை என்று பாருங்கள். புரோட்டாஸ்–ஸெர்க் மோதலின் இலக்கணம் அன்று மாறியது, ஓர் எண்கூட மாறாமல்.

அடுத்து, இந்த ஆட்டத்தின் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு: கட்டுப்பாடுகள் கரடுமுரடானவை. ஒரு தடவைக்கு 12 யூனிட்டுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. பல கட்டடங்களை ஒன்றாக இயக்க முடியாது. புதிதாகப் பிறந்த தொழிலாளரைக் கையால் பிடித்துத்தான் மினரலுக்கு அனுப்ப வேண்டும். புரோட்டாஸின் டிராகூன் என்ற யூனிட் குறுகலான பாதையில் வழி தெரியாமல் தடுமாறும். ‘இதெல்லாம் செயற்கையான கஷ்டம், 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 இதையெல்லாம் சரிசெய்துவிட்டது’ என்பது விமர்சகர்கள் கிளிப்பிள்ளையாகச் சொல்லும் வாதம். அவர்கள் சரிசெய்ததாக நினைத்தது எதை என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒரு பெரிய படையை நடத்த ஐந்தாறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏவ வேண்டியிருக்கும்போது, கொல்வது விலை உயர்ந்த வேலை ஆகிறது. மினரல் விலை அல்ல, கவன விலை. அதே நேரம் ஒரு தடவை புதைத்துவிட்ட லர்க்கருக்கும், ஊன்றி நிற்கும் டாங்குக்கும், தரையில் கிடக்கும் கண்ணிவெடிக்கும் கவனமே தேவையில்லை. ஆட்டக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவை வேலை செய்யும். படையை நடத்துவது கடினம் என்பதால்தான் படையைத் தடுப்பதற்கு மதிப்பு. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நகர்த்த முடிந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இல் படைகள் ஒரு பெரிய உருண்டையாகச் சேர்ந்து மோதின, சில நொடியில் ஆட்டம் முடிந்தது என்ற புகாரும் உடனே எழுந்தது. அந்த விளையாட்டு வெளிவந்தபோது லர்க்கரை விட்டுவிட்டார்கள். இருவர் மோதும் ஆட்டத்துக்கு 2015-இல் வந்த விரிவாக்கத்தில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைவிடத் தெளிவான ஒப்புதல் எனக்குத் தேவையில்லை.

12 என்ற வரம்பிலிருந்து பிறந்த அழகும் உண்டு. ஸெர்க்கின் பறக்கும் யூனிட்டுகளான 11 மியூட்டாலிஸ்குகளோடு தொலைவில் இருக்கும் ஓர் ஓவர்லார்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், மியூட்டாலிஸ்குகள் பரவாமல் ஒரே புள்ளியில் குவிந்து பறக்கும். அந்தக் குவியல் ஒரே நேரத்தில் ஒரே இலக்கைத் தாக்கிவிட்டு ஒரே நேரத்தில் விலகும். யாரும் திட்டமிட்டு வைக்காத குணம் இது, ஆட்டக்காரர்கள் தோண்டி எடுத்தது. ஸெர்க் ஆட்டக்காரர் லீ ஜே-டோங் இதை ஆடும்போது பாருங்கள். அங்கும் என் வேறுபாடு நிற்கிறது: குவிந்த மியூட்டாலிஸ்குகள் கொன்ற தொழிலாளர்களின் எண்ணிக்கையைவிட, அவற்றுக்குப் பயந்து டெர்ரன் படை வெளியே கிளம்பாமல் வீட்டுக்குள் நின்ற நிமிடங்கள்தான் லர்க்கருக்கு வழி செய்து கொடுக்கின்றன.

விரல் வேக வழிபாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெர்ரன் ஆட்டக்காரர் லிம் யோ-ஹ்வான் மரீன்களைப் பிரித்து விட்டு லர்க்கர் முட்களிலிருந்து தப்பிக்கும் துண்டுக் காட்சிகள் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. அவர் மேதை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முப்பது நொடி வெட்டி எடுத்த காட்சியில் அவர் ஏன் அந்த மேட்டை அந்த நிமிடத்தில் ஏறத் துணிந்தார் என்பது இருக்காது. அடைத்து வைத்த பூட்டை அவர் திறந்த காரணத்தைப் பார்க்காமல் கைவித்தையை மட்டும் பார்ப்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இந்தத் துண்டுக் காட்சிப் பழக்கம்தான் நல்ல ரசிகர்களை உருவாக்காமல் கெடுத்தது. 2004-இல் புசான் நகரத்தின் குவாங்கல்லி கடற்கரையில் அணிகள் மோதும் புரோலீக் தொடரின் இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் அவ்வளவு நேரம் மணலில் உட்கார்ந்திருந்தது விரல்களைப் பார்க்க அல்ல. திரையில் விரல்கள் தெரிவதும் இல்லை.

இனி நமக்குள் பேசிக்கொள்வோம். 2017-இல் கூர்மையான படத்தோடு மறுபதிப்பு வந்துவிட்டது, பழைய பதிப்பை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள், 2016-இலிருந்து ஏஎஸ்எல் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டிகள் நடந்து வருகின்றன. ‘படம் பழசு’ என்ற சாக்கு இனிச் செல்லாது. ஸெர்க்–ஸெர்க் ஆட்டத்தோடு தொடங்காதீர்கள். அது பெரும்பாலும் மியூட்டாலிஸ்குகளின் சுருக்கமான கத்திச் சண்டை, இந்த ஆட்டத்தின் இயல்பை அதில் கற்க முடியாது. டெர்ரன்–ஸெர்க்கில் தொடங்குங்கள். திரையின் மூலையில் இருக்கும் சிறு மேப்பில் ஒரு கண் எப்போதும் இருக்கட்டும். சண்டை நடக்கும்போது முக்கியமாக அங்கேதான் பார்க்க வேண்டும். யார் படை பெரிது என்று கேட்காமல், யார் எந்தப் பாதையில் போகத் தயங்குகிறார் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். லீ யோங்-ஹோ டெர்ரனில் ஆடினால், அவர் பாதுகாப்புக் கட்டடங்களை எந்தெந்த மூலையில் வைக்கிறார் என்று கவனியுங்கள். கொஞ்சம் பழகியதும் டெர்ரன்–டெர்ரன் ஆட்டத்துக்குப் போங்கள். எல்லோரும் அதைச் சலிப்பானது என்பார்கள், நம்பாதீர்கள். இரண்டு டாங்க் வரிசைகள் மேப்பை அங்குலம் அங்குலமாகப் பங்கு போடும் அந்த ஆட்டம்தான் தடுப்புக் கலையின் சிகரம்.

பிறகு ஒரு நாள், டெர்ரன்–ஸெர்க் ஆட்டம் நீண்டு போய் ஸெர்க்கின் டிஃபைலர் என்ற யூனிட் வெளியே வரும் கட்டத்தைப் பார்ப்பீர்கள். அது தன் பக்கத்துக் குட்டிப் படை ஒன்றையே தின்று 50 ஆற்றல் சேர்க்கும், 100 ஆனதும் செம்பழுப்புப் புகைமேகம் ஒன்றைப் பரப்பும். அந்த மேகத்துக்குள் இருப்பவர்களைத் தூரத்திலிருந்து சுடும் மரீன் குண்டு ஒன்றும் தொடாது. மண்ணுக்குள் இருக்கும் லர்க்கரின் முள் மட்டும் வெளியே நீண்டுகொண்டிருக்கும். கண் இயல்பாக மேகத்துக்குள் போகும். அதை இழுத்து மேகத்தின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்: பின்வாங்கும் மரீன்கள் எத்தனை அடி தள்ளிப் போய் நிற்கிறார்கள், அடுத்த மேகம் எங்கே விழுகிறது, மேட்டிலிருந்து டெர்ரன் தளம்வரை இன்னும் எத்தனை மேகங்கள் தேவை, டிஃபைலரைச் சயன்ஸ் வெஸல் அதற்குள் பிடித்துவிடுமா என்று கணக்குப் போடுங்கள்.